காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ளும் பிசியோ வேலூர்ப் பக்கம் உண்டா?

அணைக்கட்டு ரோடு | திங்கள், இரவு 9.42

வணக்கம். அம்மாவுக்கு வயது 61. ஏழு வாரத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆஸ்பத்திரிச் செலவு பெரிதாக இல்லை. பதினோரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்களுக்கெல்லாம் கீழே, கடைசி வரியாக, 'பிசியோதெரபி தொடரவும்' என்று இருக்கிறது. எங்கே, யாரிடம், எத்தனை நாள், ஒன்றும் இல்லை.

போன வாரம் அட்டையை எடுத்துக்கொண்டு டவுனில் மூன்று கிளினிக் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில் சிரித்தே விட்டார்கள். இரண்டாவது இடத்தில் சிட்டிங்குக்கு 350, வீட்டுக்கு வந்தால் 600, பெட்ரோல் தனி என்றார்கள். மூன்றாவது இடத்தில் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அட்மிஷனுக்குத்தான் சார்" என்று கையில் கொடுத்தார்கள். எல்லாரும் தினமும் அழைத்து வரச் சொல்கிறார்கள். காட்பாடியில் ஒரு மொபைல் கடையில் 14,000 சம்பளம் எனக்கு. தினம் 350 என்றால் மாதம் 10,500 அங்கேயே போய்விடும்.

அப்பா இல்லை. தங்கை ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள், ஞாயிறு மட்டும் வருவாள். பகலில் பெரியம்மா பார்த்துக்கொள்கிறார். அட்டையை ஏற்றுக்கொள்ளும் பிசியோ யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

முள்ளுக்கத்திரி | திங்கள், இரவு 10.05

சத்துவாச்சாரி பக்கம் ஒரு கிளினிக்கில் கார்டு எடுக்கிறார்கள் என்று என் மச்சான் சொன்ன ஞாபகம். நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.

குடியாத்தம் கைத்தறி | திங்கள், இரவு 10.31

நானும் இதே தேடலில் இரண்டு மாதம் அலைந்தவன், மாமனாருக்காக. அட்டை எடுக்கும் தனி பிசியோ கிளினிக் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இருந்தால் நானும் தெரிந்துகொள்கிறேன்.

பழைய வடாற்காடு | செவ்வாய், காலை 6.15

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆள். வேலையில் இருந்த காலத்தில் இந்த அட்டைக்கு வருமானச் சான்று வாங்க வரும் கூட்டத்தைத் தினமும் பார்த்தவன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் இதோடு சேர்ந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஊரில் பெரியவர்கள் இன்னமும் 'கலைஞர் கார்டு' என்றுதான் சொல்வார்கள்.

பெயர் எத்தனை முறை மாறினாலும் உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான். இன்ன ஆபரேஷனுக்கு இவ்வளவு, இன்ன நோய்க்குப் படுக்கையில் வைத்துப் பார்க்க இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் மொத்தமாக ஒரு தொகை. ஆஸ்பத்திரி முன் அனுமதி கேட்கும், காப்பீட்டுக் கம்பெனி சரி என்றால் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும். பட்டியலில் சேரவே படுக்கை வசதியுள்ள ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். இரண்டு மேசையும் ஒரு கரன்ட் மெஷினும் வைத்திருக்கும் பிசியோ கிளினிக் எப்படிச் சேரும்? அந்த மூன்றாவது கிளினிக்காரர் உங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணமில்லா எண். முள்ளுக்கத்திரி, உங்கள் மச்சான் பேச்சை நம்பி அந்தப் பையனை மறுபடி டவுனுக்கு அலைய விடாதீர்கள்.

முள்ளுக்கத்திரி | செவ்வாய், காலை 8.50

கேட்டுவிட்டேன். அது காப்பீட்டுக் கார்டு இல்லையாம், ஏ.டி.எம். கார்டாம். மன்னிக்கவும்.

தோள்பட்டை | செவ்வாய், பகல் 1.20

நான் பிசியோதான். இதே ஜில்லாவில் பதினேழு வருடம், இப்போது தனியார் கிளினிக். 350 வாங்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் சொன்னது சரி. வார்டில் இருந்த பதினோரு நாளும் அம்மாவுக்கு யாராவது கை கால் அசைத்து விட்டிருந்தால் அதுவும் அந்தத் தொகைக்குள்தான் அடங்கியது. வெளியே வந்ததும் அட்டையின் வேலை முடிந்துவிட்டது. ஆனால் பக்கவாதத்தில் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள்தான் பெரும்பாலும் நல்ல முன்னேற்றம் தெரியும். ஏழு வாரம் போய்விட்டது. அட்டை எடுக்கும் கிளினிக்கைத் தேடி இன்னும் ஒரு வாரத்தை விடாதீர்கள்.

உங்கள் கிராமத்துக்கு பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வீடு வீடாக ஓர் அக்கா வருகிறாரா? மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மாத்திரைக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திட்டத்திலேயே வட்டாரத்துக்கு ஒரு பிசியோ உண்டு, வீட்டுக்கே வருவார். அட்டையும் வேண்டாம், பணமும் வேண்டாம். மாத்திரை அக்காவிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிராம நர்சிடம் சொல்லுங்கள். இரண்டு பேரும் கிடைக்கவில்லை என்றால் டிஸ்சார்ஜ் சீட்டு ஜெராக்ஸோடு உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய்ப் பெயர் எழுதி வையுங்கள்.

காட்பாடி ரயிலடி | செவ்வாய், பகல் 2.02

அரசாங்க பிசியோ வீட்டுக்கு வருவாரா? வந்து பத்து நிமிடம் போட்டோ எடுத்துக்கொண்டு போவார். எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்தால்தான் வேலை நடக்கும், இது வேலூர்.

குடியாத்தம் கைத்தறி | செவ்வாய், பகல் 2.40

அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். என் மாமனாருக்கு வந்தார். ஒரு வட்டாரம் முழுக்க ஒருவரே சுற்றுவதால் தினமும் வர முடியாது. எங்களுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை, சில சமயம் பதினைந்து நாள். போட்டோ எடுத்தார், உண்மை. ஆனால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து என் மனைவிக்கு ஒவ்வொன்றாகச் செய்து காட்டி, அவளையே திரும்பச் செய்ய வைத்து, தப்பைத் திருத்திவிட்டுத்தான் போனார். அடுத்த முறை வரும்வரை அவள் செய்தாள். மாமனார் இன்று தறிமேடை வரை தானே நடந்து வந்து எங்கள் வேலையைக் குறை சொல்கிறார்.

காட்பாடி ரயிலடி | செவ்வாய், பகல் 2.44

சரி, உங்கள் அதிர்ஷ்டம்.

தோள்பட்டை | செவ்வாய், மாலை 4.10

இல்லை, அதுதான் முறை. காசு வாங்கும் நானும் ஒரு நாளில் நாற்பது நிமிடம்தான் தொடுகிறேன். மீதி இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் நோயாளி வீட்டில்தான் இருக்கிறார். செய்வது பெரியம்மாதான், பிசியோ அவருக்குச் சொல்லிக்கொடுப்பவர். 'தினமும் கிளினிக்குக் கூட்டி வா' என்பதில் கொஞ்சம் எங்கள் பிழைப்பும் இருக்கிறது. என் தொழில்காரர்கள் திட்டினால் திட்டட்டும்.

வேலப்பாடி வீணா | செவ்வாய், மாலை 5.30

அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜை யாரும் சொல்லவில்லையே? ஓ.பி. சீட்டு வாங்கி டாக்டரைப் பார்த்தால் பிசியோவுக்கு எழுதித் தருவார்கள். பைசா செலவில்லை. என் தோள் இறுகிப்போய் ஜாக்கெட் போடக்கூட முடியாமல் இருந்தபோது அங்கேதான் இருபது நாள் போனேன். டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. காலையிலேயே போய்விட வேண்டும், கையில் ஒரு நோட்டு, தண்ணீர் பாட்டில், பொறுமை.

அணைக்கட்டு ரோடு | செவ்வாய், இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. அக்கா, அடுக்கம்பாறையை நானும் யோசித்தேன். அணைக்கட்டிலிருந்து வேலூர் வந்து, அங்கிருந்து திருவண்ணாமலை ரோட்டில் பஸ் மாற வேண்டும். அம்மாவால் பஸ் படி ஏற முடியாது. ஆட்டோ போக வர 900 கேட்கிறான். வைத்தியம் இலவசம், வழிதான் காசு. ஒரே ஒரு முறை கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வரலாமா?

மாத்திரை அக்கா எங்கள் தெருவுக்கு வருகிறார். பெரியம்மா நாளை பேசுகிறார்.

இன்னொன்று. பக்கத்து வீட்டு மாமா, "புத்தூர் கூட்டிப் போ, எண்ணெய் போட்டு உருவினால் பத்து நாளில் எழுந்து நடப்பாங்க" என்று தினமும் வந்து சொல்கிறார். பெரியம்மாவுக்கு அதில் பாதி மனது. வாசலில் கப்பி கட்டி, கயிற்றில் கையை மேலே இழுக்கும் பயிற்சியும் யாரோ சொல்லி ஆரம்பித்திருக்கிறோம். கையில் ஸ்பாஞ்சு பந்தும் கொடுத்திருக்கிறோம்.

தோள்பட்டை | செவ்வாய், இரவு 10.48

கப்பியை இன்று இரவே அவிழ்த்துவிடுங்கள்.

விழுந்த கையில் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைக்கு வலுவில்லை. கயிற்றில் இழுத்தால் எலும்பு போய் மேலே இடிக்கும், வலி வந்துவிடும். வலி வந்தால் அப்புறம் அந்தக் கையைத் தொடவே விடமாட்டார்கள். எழுப்பும்போதும் படுக்க வைக்கும்போதும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்தும் தூக்கக் கூடாது. உட்காரும்போது கைக்குக் கீழே ஒரு தலையணை, கை தொங்கவே கூடாது.

பந்து எல்லா வீட்டிலும் இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் வாங்கி வருவார்கள். பக்கவாதக் கையில் நாள் ஆக ஆக விரல்கள் தாமாகவே மடங்கி இறுகும். அவருக்கு வராதது விரிப்பதுதான். மடக்குவதற்கே பயிற்சி கொடுத்தால் கை இன்னும் இறுகிக்கொள்ளும். பந்தைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்து அதில் மெதுவாக உடம்புப் பாரம் தரச் சொல்லுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதாக இருந்தால் முதலில் அந்தப் பக்கம் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சூடு தெரியாமல் கொப்பளித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புத்தூர் எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன ஊர். இங்கே அடி மூளையில். எலும்பில் உடைந்தது எதுவும் இல்லை. மாமாவிடம் சண்டை போடாதீர்கள். மெதுவாக எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, முறுக்கி உருவுவதுதான் கூடாது. அந்தத் தடவும் வேலையை அவருக்கே கொடுத்துவிடலாம்.

ஒரு முறை அடுக்கம்பாறை கூட்டிப் போய்ப் பார்த்து எழுதி வாங்கி வருவது நல்லதுதான். போகும்போது பெரியம்மாவும் வர வேண்டும், செய்யப்போகிறவர் அவர்.

பாகாயம் வேப்பமரம் | புதன், காலை 7.05

கேள்விக்குப் பதில் இல்லை, இருந்தாலும் சொல்லத் தோன்றியது. நம்ம ஊர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு நிலையம் 1966-ல் தொடங்கியது. அதைக் கட்டி எழுப்பிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் இழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிசியோவுக்காக ஒருவர் இவ்வளவு அலைகிறார்.

ஆம்பூர்க்காரி | புதன், காலை 9.12

அண்ணா, ஒன்று கேட்கிறேன். தங்கை ஷூ கம்பெனியில் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். பெர்மனென்ட்டா? சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா?

அணைக்கட்டு ரோடு | புதன், பகல் 1.30

இரண்டு வருடமாக வேலை. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் பிடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஏன்?

ஆம்பூர்க்காரி | புதன், பகல் 1.52

அப்படியானால் நீங்கள் தேடும் காப்பீடு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது!

நானும் ஷூ லைனில்தான், அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி தைக்கிறேன். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டு. நம் சம்பளத்தில் 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. காய்ச்சலுக்கு லீவு எழுத மட்டும்தான் அது என்று எங்கள் லைனிலும் பாதிப் பேர் நினைக்கிறார்கள். நம்மை நம்பி இருக்கும் அப்பா அம்மாவையும் குடும்பத்தில் சேர்க்கலாம். முதலமைச்சர் அட்டை மாதிரி படுத்தால்தான் என்று இல்லை, வெளிநோயாளியாகவும் பார்ப்பார்கள், மருந்தும் கொடுப்பார்கள். என் அப்பாவுக்கு இடுப்பு வலிக்கு டிஸ்பென்சரி டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் பிசியோ போனோம். வேலூரில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

தங்கையை எச்.ஆரிடம் போகச் சொல்லுங்கள். அம்மா பெயர், ஆதார், போட்டோ கொடுத்துக் குடும்பப் பட்டியலில் ஏற்ற வேண்டும். எந்த டிஸ்பென்சரி என்பதையும் அப்போதே சரிபார்க்கட்டும். அம்மா அணைக்கட்டில் இருக்க, ஆம்பூர் டிஸ்பென்சரியில் பெயர் இருந்தால் கஷ்டம். குடும்பம் வேறு ஊரில் இருந்தால் அந்தப் பக்கத்து டிஸ்பென்சரியைக் கேட்டு வாங்கலாம்.

எனக்கு எச்.ஆர். "அப்புறம் பார்க்கலாம்" என்று நாலு முறை சொன்னார். ஐந்தாம் முறை நான் அவர் மேசை முன்னாலேயே நின்றுகொண்டேன்.

பழைய வடாற்காடு | புதன், மாலை 6.40

அம்மணி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலை வைத்தே பிழைக்கும் பகுதி இது. 2019-ல் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தும், மூன்றிலும் வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனிக்குப் போகிறார். எத்தனை வீட்டில் இந்தச் சம்பளச் சீட்டு அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறதோ.

ரத்தினகிரி படிக்கட்டு | புதன், இரவு 8.20

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். தம்பிக்கு பைக் விபத்து. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்த்தார்கள், காலில் பிளேட். இப்போது முட்டி மடங்கவில்லை. அதில் பிசியோ வருமா?

தோள்பட்டை | புதன், இரவு 8.45

வராது, அது விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு. தம்பிக்கு மேலே சொன்ன வழிகள்தான். பிளேட் வைத்த டாக்டர் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்று சொன்னாரோ அதை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அது இல்லாமல் எந்த பிசியோவும் துணிந்து மடக்க மாட்டார்.

சின்னக்குயில் அம்மா | வியாழன், காலை 11.00

குழந்தைகளுக்குத் தேடி யாராவது இங்கே வந்தால்: பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் கேளுங்கள். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு அங்கே பிசியோ உண்டு. என் மகள் மூன்று வருடமாகப் போகிறாள்.

அணைக்கட்டு ரோடு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, பகல் 12.10

நடந்ததை எழுதுகிறேன். மாத்திரை அக்காவிடம் சொன்ன ஆறாம் நாள் வட்டாரத்து பிசியோ வந்தார். சின்னப் பையன், என்னைவிட வயது குறைவு. நேற்று இரண்டாம் முறை வந்தார். கட்டிலைச் சுவரோரத்திலிருந்து எடுத்து நடுவில் போடச் சொன்னார், நாங்கள் எல்லாரும் அம்மாவின் வலது பக்கமாக வந்து பேச வேண்டுமாம், அந்தப் பக்கத்தை மறந்துவிடாமல் இருக்க. பெரியம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது, மோர் கொடுத்து அனுப்பினார்.

அடுக்கம்பாறைக்கு ஒரு முறை போய் வந்தோம், ஆட்டோ 800-க்கு முடிந்தது. தங்கையும் எச்.ஆர். மேசை முன்னால் நின்றாள். அவளுக்கு இரண்டு முறையிலேயே நடந்துவிட்டது. டிஸ்பென்சரி மாற்றம் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நிற்கிறார். வியாழக்கிழமை வாசல்வரை நாலு அடி. பேச்சு இன்னும் குழறல்தான், ஆனால் மாமா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது "இன்னாயா, தினமுமா?" என்று கேட்டது எல்லாருக்கும் புரிந்தது.

வாக்கர் வாங்கலாமா, ஸ்டிக் வாங்கலாமா? எங்கள் வீட்டு வாசலில் இரண்டு படி இருக்கிறது.

தோள்பட்டை | ஞாயிறு, மாலை 3.35

வாக்கர் வேண்டாம், அதற்கு இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். நாலு கால் ஸ்டிக், இடது கையில். நிற்க வைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள், மணிக்கட்டு மடியும் இடம்வரை ஸ்டிக்கின் உயரம். கடைக்காரர் வைத்துக் கொடுக்கும் உயரத்தை நம்பாதீர்கள்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஸ்டிக், அப்புறம் நோவுக் கால், கடைசியாக நல்ல கால். நீங்கள் வலது பக்கமாக நில்லுங்கள், இறங்கும்போது ஒரு படி கீழே. கையைப் பிடிக்காதீர்கள், இடுப்பைப் பிடியுங்கள்.

அணைக்கட்டு ரோடு | ஞாயிறு, இரவு 9.20

ஸ்டிக் வாங்கிவிட்டோம். மேல்படியில் சாக்பீஸால் 'ஏற இடது, இறங்க வலது' என்று எழுதினேன். பெரியம்மா அதன்மேல் கோலம் போட்டுவிட்டார். எழுத்து தேவையில்லையாம், அவருக்கு மனப்பாடமாம்.